வாளிப் பாடத்தில் எழும்பிய மேடு

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே,

வேலைக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டியிருப்பார்கள். பாட வீடியோ தொடங்கும்போது உயரத்தில் நின்று, பிறகு மெல்ல மெல்லச் சரிந்து, கடைசியில் தரையோடு தரையாகப் போய்விடுகிற கோடு. பிள்ளைகள் எந்த இடம்வரை பார்த்தார்கள், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், எந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். கோடு விழுகிற இடத்தை வெட்டிவிடு, எழும்புகிற இடத்தைப் போல இன்னும் நாலு செய் என்று சொல்லித் தந்திருப்பார்கள். இந்த ஸ்ரூடியோவில் அப்படிச் சொல்லத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த நேரத்தில் அதில் விடுபட்ட பாதியையும் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

நான் படிப்பித்தவன் இல்லை. மானிப்பாயில் கலியாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்துச் சீவித்தவன். கசெற் காலத்தில் ஒரு பெண் வீட்டார் தங்கள் கசெற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு இடத்தில் படம் தேய்ந்து கீறு கீறாக வருகிறது, வேறு கொப்பி வேண்டும் என்றார்கள். தாலி கட்டுகிற இடமாக்கும், பாவம், ஆசையில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துப் போட்டுப் பார்த்தேன். தாலியும் இல்லை, ஆரத்தியும் இல்லை. மாப்பிள்ளையின் மாமா பந்தியில் இருந்து, சாப்பாட்டில் கை வைக்காமல் எழும்பிப் போகிற இடம். யார் என்ன சொல்லி அந்த மனிசன் எழும்பினார் என்று கண்டுபிடிக்கக் குடும்பமே மாதக்கணக்காக அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறது. சிரித்துக்கொண்டே புதுக் கொப்பி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கசெற் எனக்கு ஒரு விசயத்தைச் சொல்லித் தந்தது. அது தேவைப்பட்ட நாளில்தான் நினைவுக்கு வரவில்லை.

பிறகு ரியூசன் எல்லாம் வீடியோவுக்கு ஏறத் தொடங்கியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற மிஸ் ஒருவர் தன் வீட்டு முன் விறாந்தையை அடைத்து இந்த ஸ்ரூடியோவைத் தொடங்கினார். கமராவுக்கும் வெட்டி ஒட்டவும் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் எனக்கு அவர் மிஸ், அவருக்கு நான் எடிற்றர். கடைசிவரை அப்படியே இருந்தோம்.

அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் வாயடைத்துப் போனோம். பெருமையோடு நான் போட்ட தொடக்க இசையிலேயே பாதிப் பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். இரசாயனம் படிப்பித்த சேர் ஒருவர் பகிடி விட்டுச் சிரிக்க வைத்துப் படிப்பிக்கிறதில் பேர்போனவர். அவருடைய ஒவ்வொரு பகிடிக்கும் கோடு ஒரு படி இறங்கியிருந்தது. அதைக் காட்டினதுக்கு அந்த மனிசன் அந்த மாதம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கடந்தகால வினாத்தாள் கேள்விகளைச் செய்து காட்டுகிற இடங்களில் கோடு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். கோட்பாடு என்று தொடங்கினால் சரியும். எந்தப் பாடமானாலும் கோடு இறங்குவதைத்தான் கண்டோம், ஏறினதை நாங்கள் கண்டதில்லை.

அது ஏறியது பௌதிக சேரின் பாடத்தில்.

பேர் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் மதிலுக்கு மதில் அவருடைய படம் ஒட்டியிருக்கும். கோப்பாயில் அவருடைய வகுப்பு நடக்கிற கொட்டிலில் பிள்ளைகள் தோளோடு தோள் இடிபட்டு இருப்பார்கள். ஆனால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்காது. நல்ல படிப்பு, நல்ல குரல். ஒரே ஒரு பிடிவாதம்: ஒரு பாடத்தை இரண்டாம் தரம் எடுக்க விடமாட்டார். லைற் சரியில்லை, இன்னொருக்கா எடுப்போம் சேர் என்றால், "என்ரை வாயிலை ஒருக்கா வந்தது வந்ததுதான் அண்ணை" என்று சிரித்துக்கொண்டு சேட்டுக் கையைக் கீழே இறக்கிவிடுவார். இந்த ஸ்ரூடியோ நின்றதே அவருடைய பாடங்களில்தான். அவர் போனால் கதவைப் பூட்டவேண்டியதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பாடம் கிணற்று வாளியை வைத்துச் சொன்னது. கப்பியில் போட்ட கயிறு, கயிற்றில் வாளி, மறுபக்கம் பிடித்திருக்கிற கை. வாளி மேலே வரும்போது கயிற்றின் இழுவை என்ன, கீழே போகும்போது என்ன, கீழே போகிற வாளியைப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் என்ன. கிணறு இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? நல்ல உதாரணம் என்று நானே மனதுக்குள் மெச்சிக்கொண்டு எடுத்தேன்.

வீடியோ போட்டு ஒரு கிழமையால் கோட்டைப் பார்த்தால், நடுவில் ஒரு மேடு. சரிந்துகொண்டு வந்த கோடு அந்த இடத்தில் எழும்பி, பாடத்தின் தொடக்கத்தைவிட உயரத்துக்குப் போய்த்தான் இறங்கியிருந்தது. வந்த பிள்ளைகள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலொழிய அப்படி வராது. கீழே கொமென்ற்றுகளைப் பார்த்தேன். நன்றி சேர். தெளிவான விளக்கம் சேர். உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சது பாக்கியம் சேர்.

பௌதிக சேர் வந்து திரையைப் பார்த்துவிட்டு மார்பை நிமிர்த்தினார்.

"பாத்தியளே அண்ணை. மற்றவையின்ரை கோடு வழுக்கி விழுகுது. என்ரை கோடு மலை ஏறுது."

எங்களுக்கும் தலைகால் தெரியவில்லை. வீட்டுச் சாமான், கிணறு, சைக்கிள், இப்படியான உதாரணங்கள்தான் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று முடிவுகட்டி, வரப்போகிற பாடங்களை எல்லாம் அந்தப் பக்கம் திருப்பினோம். மேடு இருந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டிச் சின்ன வீடியோவாக்கி எல்லாப் பக்கமும் பரப்பினோம். வகுப்புப் பிள்ளைகளின் போன் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அது போனது. உயர்தரச் சோதனை கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காத பௌதிகப் பிள்ளை வலிகாமத்தில் இருந்திருக்காது.

சோதனைக்கு முந்தின கிழமை மிஸ் ஒரு யோசனை சொன்னார். படிக்கிற பிள்ளைகள் ஒன்றிரண்டை அவரவர் வீட்டில் வைத்தே படம் எடுத்துப் போட்டால் அடுத்த வருசப் பிள்ளைகளுக்கும் நம்பிக்கை வரும் என்றார். வாளிப் பாடத்தின் கீழே ஆக நீளமான நன்றியை எழுதியிருந்த பிள்ளைக்கு ஊர் உரும்பிராய், பேர் நிரோஜினி. தகப்பனோடு போனில் கதைத்துக் கேட்டுக்கொண்டு கமராவோடு போனேன்.

வெங்காயத் தோட்டம். தகப்பன் வரம்பில் நின்றபடி கையை உயர்த்திக் காட்டினார். பிள்ளை இது மூன்றாம் தரம் உயர்தரம் எழுதப்போகிறாள் என்று தாய் வாசலிலேயே சொன்னார். மூன்று தரத்துக்கு மேல் எழுதிக் கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போக இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதுதான் அவளுக்குக் கடைசி. முந்தின இரண்டு தரமும் பௌதிகம்தான் காலை வாரிவிட்டதாம். "அவளுக்குப் பௌதிகம் ஏறாது அண்ணை, ஆனா விடமாட்டன் எண்டு நிக்கிறாள்" என்றார் தாய். பிள்ளை பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டது.

கிணற்றடியில் வைத்து எடுத்தால் பாடத்தோடு பொருந்தும் என்று நினைத்தேன். கலியாண வீட்டுப் புத்தி, எங்கேயும் ஒரு காட்சி தேடும். தண்ணீர் நிரம்பின வாளியை மேலே இழுத்துவிட்டு, கயிற்றைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே ஓடவிட்டு, பாதியில் பிடித்து நிறுத்தச் சொன்னேன். நிறுத்துகிற நேரத்தில் கமராவைப் பார்த்து சேர் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

அவள் வாளியை விட்டாள். வாளி ஓடியது. பிடித்தாள். கயிறு வெடுக்கென்று அவளுடைய இரண்டு கையையும் தலைக்கு மேலே இழுத்தது. குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பியது. அந்த நிலையில் நின்றுகொண்டு, கமராவைப் பார்த்து, மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்:

"கீழே போகும் வாளியின் வேகத்தைக் குறைக்கும்போது கயிற்றின் இழுவை குறையும்."

நான் கமராவில் இருந்து கண்ணை எடுத்தேன். எனக்குப் பௌதிகம் தெரியாது. ஆனால் நானும் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவன்தானே.

"பிள்ளை, கயிறு உம்மடை கையை இழுக்குதெல்லோ?"

"ஓம் அங்கிள்."

"முதலிலும் பாக்கக் கூட இழுக்குதோ, குறைய இழுக்குதோ?"

"கூடத்தான் இழுக்குது."

"அப்ப ஏன் குறையும் எண்டு சொல்லுறீர்?"

அவள் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சேர் அப்பிடித்தானே சொன்னவர்."

"பள்ளிக்கூடத்திலை என்ன சொல்லித் தந்தவை?"

"ரீச்சர் கூடும் எண்டுதான் படிப்பிச்சவ. நானும் முதல் அப்பிடித்தான் விளங்கி வச்சிருந்தனான். பிறகு சேரின்ரை வீடியோவைப் பாத்திட்டு மாத்தினான்." கயிற்றைக் கப்பித் தூணில் சுற்றிக் கட்டினாள். "அந்த இடத்தை எத்தினை தரம் திருப்பித் திருப்பிப் பாத்தனான் தெரியுமே அங்கிள். எனக்கு விளங்கவே இல்லை. என்ரை சிநேகிதப் பிள்ளையளும் அப்பிடித்தான், திருப்பித் திருப்பிப் பாத்தவை. கடைசியா, விளங்காட்டிலும் பரவாயில்லை எண்டு அப்பிடியே பாடமாக்கிப்போட்டன்."

நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவை என்ற அந்தச் சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் கொண்டாடின மேடு அது. மலை ஏறுது என்று சேர் மார்பை நிமிர்த்தினாரே, அது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் தனியாக இருந்து, எனக்குத்தான் விளங்கவில்லை, எனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்து நினைத்துப் பின்னுக்கு இழுத்துப் பார்த்த இடம். அதை வெட்டி எடுத்து, இதுதான் எங்கள் ஆகச் சிறந்த பாடம் என்று ஊர் முழுக்க அனுப்பினது நாங்கள். கசெற்றில் தேய்ந்திருந்த, மாமா எழும்பிப் போன பந்தி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் சேரைக் கேக்கேல்லை? கொமென்ற்றிலை எண்டாலும் எழுதியிருக்கலாமே?"

"சேரையோ?" என்றாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நன்றி எழுதினது ஏன் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை. எங்களூரில் விளங்காத இடத்தில் பிள்ளைகள் நன்றி சேர் என்றுதான் எழுதுவார்கள். நாங்கள் வளர்த்த வளர்ப்பு அது.

அவளுடைய கை சொன்னதும் எனக்குப் பட்டதும் பிழையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. கம்பசில் படித்த மனிசனுக்கு முன்னால் நான் எந்த மூலை? நானே போய் அந்த வாளியை விட்டு விட்டுப் பிடித்துப் பார்த்தேன். கயிறு என் கையையும் கூடத்தான் இழுத்தது. தாய் வந்து, அண்ணைக்குக் குளிக்க வேண்டுமோ என்று கேட்டார். இல்லை அம்மா என்று சொல்லிவிட்டு மானிப்பாய்க்குத் திரும்பி வந்தேன். வழியில் எங்கே திரும்பினேன், எங்கே நின்றேன் என்று எனக்கு நினைவில்லை.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம்.

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து எழும்பினார், திரும்ப இருந்தார். உடனே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற தன் பழைய மாணவி ஒருவருக்குப் போன் எடுத்துக் கேட்டார். இழுவை கூடும், பள்ளிக்கூட ரீச்சர் சொன்னதுதான் சரி என்று பதில் வந்தது. சேரை வரச் சொல்லி அழைத்தோம். சேரிடம் எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறினேன். மிஸ் சொன்னார்: "ஒண்டும் சொல்லாதையும் எடிற்றர். நீர் இண்டைக்கு எடுத்ததைப் போட்டுக் காட்டும்."

சேர் வந்து இருந்தார். திரையில் நிரோஜினி வாளியை விட்டாள், பிடித்தாள், கை மேலே இழுபட்டது, இழுவை குறையும் என்றாள்.

சேர் முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது.

"கை இழுபடுறது கண்ணுக்கு முன்னாலை தெரியுது. வாய் குறையும் எண்டுது. இந்தப் பிள்ளை சோதினை எழுதப் போகுதே? ஆர் உந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சது?"

"நீங்கள்தான் சேர்," என்றார் மிஸ்.

நான் அவருடைய பாடத்தில் மேடு இருந்த இடத்தைப் போட்டேன். திரையில் சேர் தன்னுடைய நல்ல குரலில், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், குறையும் என்றார். பலகையில் கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் போட்டார். ஒரு தரம் பார்த்தார். கையை நீட்டித் தானே பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் பார்த்தார். அவரும் பிள்ளைகளைப் போலத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சொல்லு மாறிப்போச்சு," என்றார். குரல் அடங்கியிருந்தது. "வேகம் கூடுறதை மனதிலை வச்சுக்கொண்டு சொல்லிப்போட்டன். வாய் தவறினதுதானே. அழிச்சு விடுங்கோ அண்ணை. முழுசா அழிச்சு விடுங்கோ. ஆருக்கும் தெரியவராது."

அந்த நேரத்தில் அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. மற்ற ரியூசன்காரருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? மதிலுக்கு மதில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டுவார்கள். அவர் கதை முடியும், எங்கள் கதையும் முடியும். ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம். என்னுடைய கை கணினி எலியில்தான் இருந்தது.

மிஸ் சொன்னார்: "அழிச்சா வீடியோதான் அழியும். பிள்ளையளின்ரை தலைக்குள்ளை போய் இருக்கிறதை ஆர் அழிக்கிறது?"

"மிஸ், அடுத்த கிழமை சோதினை. இப்ப போய் நான் பிழை விட்டனான் எண்டு சொன்னா, பிள்ளையள் நான் சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுங்கள். குழம்பிப் போடுங்கள்."

அதிலும் நியாயம் இருந்தது. சேர் விடவில்லை: "இவ்வளவு பேர் பாத்தவை. ஒருத்தராவது கேட்டதே? ஒரு பிள்ளை? ஒரு கொமென்ற்?"

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். எனக்கு அந்த இடத்தில் கதைக்கத் தகுதி இருந்ததா தெரியாது. திரையை அவர் பக்கம் திருப்பி, கோட்டைக் காட்டினேன்.

"கேட்டவை சேர். இதுதான் கேட்டது."

சேர் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எத்தனையோ தரம் பார்த்து மகிழ்ந்த மேடு. மதிலில் இருக்கிற முகத்துக்கும் அந்த முகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கொஞ்ச நேரத்தால், "என்ரை வகுப்பிலை ஒரு பெடியன் ஒருக்கா கை உயர்த்தினவன்," என்றார். "எழும்பி வந்து நீ படிப்பி எண்டு சோக்கட்டியை அவன்ரை கையிலை குடுத்தனான். எல்லாரும் சிரிச்சவை."

திருத்தம் போடுவது என்று முடிவானது. எப்படிப் போடுவது என்பதில் உங்கள் தொழில் வருகிறது, காதைக் கொடுங்கள். திருத்தம் என்று தலைப்பிட்டால் ஒரு பிள்ளையும் பார்க்காது. அதைக் கோடு எங்களுக்கு முன்பே காட்டியிருந்தது. இசை போட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். வணக்கம் சொல்லிச் சுகம் விசாரித்தால் மிச்சமும் போகும். ஆகவே பழைய வீடியோவையும் நாங்கள் வெட்டிப் பரப்பின துண்டுகளையும் எடுத்துவிட்டு, அதே தலைப்பில், அதே படத்தோடு, அதைத் தேடி வருகிற பிள்ளைக்கு இது கிடைக்கிற மாதிரிப் போடுவது என்று தீர்மானித்தோம். பிழை விட்டேன் என்பது முதல் வசனமாக இருக்க வேண்டும். பலகை வேண்டாம், கிணறு வேண்டும்.

மிஸ் வீட்டுக் கிணற்றில்தான் எடுத்தோம். சேர் தன் கையால் வாளியை விட்டுப் பிடித்தார். கை மேலே இழுபட்டு, சேட்டு நனைந்தது. முதல் தரம் எடுத்ததில் குரல் நடுங்கிவிட்டது. போகட்டும், இதுவே நல்லது என்று நான் கமராவை நிறுத்தப் போனேன்.

"இன்னொருக்கா எடுப்பம் அண்ணை," என்றார்.

அந்த வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை நானும் மிஸ்ஸும் நம்ப முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

இரண்டாம் தரம் எடுத்ததைத்தான் போட்டோம். அதில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளையள், வாளிப் பாடத்திலை நான் பிழை விட்டிட்டன். வேகத்தைக் குறைச்சா இழுவை கூடும். இஞ்சை பாருங்கோ, என்ரை கை இழுபடுது. உங்கடை பள்ளிக்கூட ரீச்சர் சொன்னது சரி. உங்கடை கைக்குத் தெரிஞ்சது சரி. உங்களுக்கு முதல் விளங்கினதுதான் சரி." பிறகு அந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்து காட்டினார்.

நாங்கள் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். மற்ற ரியூசன்காரர் கதைத்தார்கள், நக்கலடித்தார்கள். இரண்டொரு பிள்ளைகளின் தாய் தகப்பன் போன் எடுத்து மிஸ்ஸை ஏசினார்கள். மிஸ் எல்லோருக்கும் ஓம், பிழைதான் என்றே சொன்னார். ஆனால் வீடியோவைப் பிள்ளைகள் பார்த்தார்கள். கோடு விழவே இல்லை. கடைசிவரை ஒரே மட்டமாக நின்றது. நான் வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு கோட்டைக் கண்டதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் மேடு.

கடவுளே, திருத்தத்திலும் பிழையா? போட்டுப் பார்த்தேன், மிஸ்ஸின் பழைய மாணவியையும் பார்க்கச் சொன்னேன். பிழை ஒன்றும் இல்லை. மேடு இருந்தது கணக்கிலேயே இல்லை. உங்களுக்கு முதல் விளங்கினதுதான் சரி என்று சேர் சொல்கிற இடத்தில்.

நிரோஜினி அந்த முறை சித்தியடைந்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பௌதிகத்திலும் நல்ல சித்தி, கம்பசுக்கும் எடுபட்டாள். நான் சொல்ல வந்தது அது இல்லை.

சோதனைக்கு முன்னால், திருத்தத்தைப் பார்த்தாளா என்று கேட்க அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பாத்தனான் அங்கிள். திருப்பித் திருப்பிப் பாத்தனான்."

"ஏன் பிள்ளை, இன்னும் விளங்கேல்லையோ?"

"விளங்குது. முதல் விளங்கினதுதான் சரி எண்ட அந்த வசனத்தைத்தான் பாத்தனான்." பிறகு அவளே கேட்டாள்: "அங்கிள், அப்ப எனக்கு முதலே விளங்கினதுதானா?"

"ஓம் பிள்ளை. உமக்கு முதலே விளங்கினதுதான்."

"நான் சேரின்ரை வீடியோ பாத்துத்தான் போன முறையும் எழுதினனான். அதுக்கு முதல் முறையும். விளங்காத இடம் வந்தா, எனக்குத்தான் ஏறேல்லை எண்டு, நான் நினைச்சதை விட்டிட்டு அவர் சொன்னதைப் பாடமாக்குவன். அதிலையும் எனக்கு விளங்கினது சரியா இருந்திருக்குமோ அங்கிள்?"

சோதினையை நல்லா எழுதும் பிள்ளை என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டு, பழைய பாடங்களின் கோடுகளைத் திறந்தேன். வாளிப் பாடத்தில் எழும்பினது போல அவ்வளவு உயரம் எதிலும் இல்லை; அதனால்தான் ஒருநாளும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் தெரிந்தது. கோடு சரிந்துகொண்டு வருகிற வழியில், அங்கொன்றும் இங்கொன்றுமாய், சின்னச் சின்ன மேடுகள். பௌதிகத்தில் மட்டும் இல்லை, எல்லா சேர்மாரின் பாடங்களிலும். மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

அவை எல்லாம் பிழையான இடங்கள் இல்லை. சில கடினமான இடங்கள், சில பிள்ளைகள் உண்மையிலேயே விரும்பின இடங்கள். எது எது என்று கோடு சொல்லாது. ஒரு பௌதிக ரீச்சரையும் ஒரு கணித ரீச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நானும் மிஸ்ஸும் தொடங்கினோம், முடிக்கவில்லை. பௌதிக சேர் தன்னுடையவற்றைத் தானே வந்திருந்து பார்த்தார். இன்னும் சில இடங்களில் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்கு முதல் வேலையாக அந்தப் பழைய பாடங்களைத்தான் தந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களை ஏன் குப்பை கிண்ட விட்டார்கள் என்று உங்களில் ஒருவர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. ஒவ்வொரு மேட்டையும் திறக்கும்போது, நிரோஜினி என்னிடம் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.